பயம் கேட்க வந்தவர்கள்

கழக்கூட்டத்தில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்களுக்கு நடுவே, ஒரு காட்டுப்பன்றி என் முழங்காலை முகர்ந்து பார்த்தது.

காலை நேரம். மழை பெய்கிற நாட்களில் நான் வெளியே நடக்கப் போவதில்லை. கீழே கார்கள் நிற்கும் இடத்திலேயே தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவேன். பின்பக்க மதிலைப் புதிய கட்டட வேலைக்காக இடித்துப் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் யாரும் பால் வெட்டாத ஒரு ரப்பர்த் தோட்டம் புதராக மண்டிக் கிடக்கிறது. பன்றி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

காலடிச் சத்தம் கேட்டு நாய் என்று நினைத்துத் திரும்பினேன். திரும்பியபோது அது என்னை ஒட்டி நின்றது. முதுகில் நிமிர்ந்த முரட்டு மயிரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. சேறும் அழுகின பலாப்பழமும் சேர்ந்த வாடை. மூக்கின் தட்டையான நுனி என் வேட்டியின் மேல் பட்டது. அந்த ஈரம் துணிக்குள் இறங்கி முழங்கால் வரை வந்தது. வாயோரத்தில் வெளியே நீண்ட தேற்றைப் பல் பழைய தந்தச் சீப்பைப் போல மஞ்சளாகத் தெரிந்தது. ஓட முடியாது. என் வயதில் ஓடுவது என்பதே விழுவதற்கு இன்னொரு பெயர். பக்கத்துக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அது மூச்சை இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. பிறகு விலாசம் தவறி வந்துவிட்டவரைப் போல அவசரமில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

மேலே வந்தேன். மருமகள் காபி கொடுத்தாள். டம்ளரைப் பிடித்த வலது கை நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மகன் அறையிலிருந்து கைப்பேசியோடு வந்தான்.

"அப்பா, வீடியோ கண்டேன். குழப்பம் ஒண்ணும் இல்லியே? கடிக்கல்லியே?"

காவலாளி கேமராவில் பதிவானதை எடுத்துக் குடியிருப்போர் குழுவில் போட்டிருந்தான். நான் லிஃப்டில் ஏறி வருவதற்குள் கட்டடமே பார்த்து முடித்துவிட்டது. யாரோ கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். யாரோ பன்றிக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். மதிலை ஏன் இன்னும் கட்டவில்லை என்று ஒரு சண்டை தொடங்கி, அது பராமரிப்புக் கட்டணத்தில் போய் நின்றது. சாயங்காலம் லிஃப்டில் ஒரு பெண், "அங்கிள் இப்போ ஸ்டாராயிட்டீங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேலிருந்து எடுத்தது, சத்தம் கிடையாது. ஒரு வழுக்கைத் தலை, பக்கத்தில் ஒரு கறுப்பு மூட்டை. சிறிது நேரம் இரண்டும் அசையாமல் நிற்கின்றன. பிறகு மூட்டை போய்விடுகிறது. எனக்கு நடந்தது எதுவும் அதில் இல்லை. ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதனால் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டின்போது நானாகவே தொடங்கினேன். "அன்னிக்கு அந்தப் பன்னி எங்கிட்ட வந்து நின்னப்போ..."

"அதான் கண்டாச்சே அப்பா" என்றான் மகன். கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் மோரை ஊற்றிக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னான். "இனிமே மழைன்னா பால்கனியிலயே நடங்கோ."

அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குரல் என்னுடையது. அவன் அம்மாவிடம் நான் இதே வார்த்தையை இதே அன்போடு ஒரு வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் நான் பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவனுக்கு அந்த வேலை குறைவுதான். ஆனால் தகரக் கூரை போட்ட ஒரு வீடு கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய், துவைக்கிற கல், துணி காயப்போடும் கம்பி, அதற்கப்புறம் தேயிலை. கீழே பள்ளத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயங்கள். பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல காலம் முன்பே வந்து தங்கிவிட்டவர்கள். எங்களுக்கும் லயத்துக்கும் நடுவே படிக்கட்டுகள் இருந்தன. நாங்கள் இறங்க மாட்டோம், அவர்கள் வேலை இருந்தால் ஏறுவார்கள்.

என் மனைவி கரமனை அக்கிரகாரத்தில் பிறந்தவள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முகிற தெரு அது. அப்படிப்பட்டவள் பொன்முடியின் அமைதியில் எப்படி இருப்பாள் என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். நானும்தான். ஆனால் குறை சொன்னதெல்லாம் நானே. தீப்பெட்டி நமுத்துப்போகிறது, வேட்டி காய மாட்டேன் என்கிறது, அப்பளம் வளைகிறது. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். காலையில் பின்கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். பனி சமையலறைக்குள் வரும். "கதவை மூடு" என்பேன். மூடுவாள். மறுநாளும் திறப்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் துணி துவைக்கப் பின்பக்கம் போனாள், நான் அலுவலகம் போனேன். பனி அப்படி இறங்கியிருந்தது. நீட்டின கை தெரியாது. வெகு நேரம் கழித்து லயத்துப் பெண் ஒருத்தி அலுவலக வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாள். எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஒரு காட்டெருமை, ஒற்றைக் கடா, தேயிலைக்குள் இறங்கிப் போவதைப் பார்த்தாளாம். வாளி உருண்டு கிடக்கிறதாம்.

இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். என் மனைவி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காயம் எதுவும் இல்லை. கல்லைச் சுற்றி ஈர மண்ணில் குளம்புத் தடங்கள். ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம், வந்து போன தடங்கள் அல்ல, நின்று நின்று மிதித்த தடங்கள். ஆவி பறக்கும் சாணம். அவளுடைய முந்தானையின் நுனி யாரோ சவைத்ததுபோலக் கசங்கி நனைந்திருந்தது.

"வந்துட்டேளா" என்றாள். நான் வழக்கம்போல வேலை முடிந்து வந்த மாதிரி.

ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். ஆட்களுக்கு முன்னால் உரக்கவே கேட்டேன்.

"கத்தணும்னு தோணலை" என்றாள்.

அந்தக் காலையைப் பற்றி என் மனைவி வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு சொற்கள் மட்டுமே. மீதியை நான் கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்த முகமாக இருந்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் அழைத்துப் போய் உட்காரவைத்துவிட்டு, மேலாளர் கூப்பிட்டார் என்று அலுவலகம் திரும்பினேன். மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசற்படியில் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் லயத்துப் பெண்கள் மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் அவர்களோடு தரையில். மூடிய வலது கையை மடியில் வைத்திருந்தாள். அவள் ஏதோ சொல்லத் தொடங்கப் போகிற நேரம்.

மூவரில் மூத்தவள் எழுந்து, "பயம் கேக்க வந்தோம் சாமி" என்றாள்.

துக்கம் கேட்கப் போவது நமக்குத் தெரியும். இறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவோம். லயத்தில் அதைப் போலப் பயமும் கேட்பார்கள். யானையோ கரடியோ காட்டெருமையோ, யாராவது மிருகத்துக்கு முன்னால் நின்றுவிட்டு உயிரோடு வந்தால், ஏற்கனவே அப்படி நின்று வந்தவர்கள் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். வந்தவர்கள் கல்லுப்பு கொண்டுவந்து அந்த ஆளின் கையில் கொடுப்பார்கள். உப்பைக் கைக்குள் பிடித்துக்கொண்டு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். கேட்பவர்கள் குறுக்கே பேசக் கூடாது, ஐயோ என்று சொல்லக் கூடாது. முடிந்ததும் உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புல் முளைக்காத ஒரு கல்லின் மேல் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளால் தூங்க முடியும், மறுநாள் வேலைக்குப் போக முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதெல்லாம் எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. படிப்பில்லாதவர்களின் சடங்கு என்று நினைத்திருந்தேன்.

"அவளுக்கு ஜுரம்" என்றேன். "ரெஸ்ட் எடுக்கணும். நீங்க போயிட்டு வாங்க."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர்கள் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவர்கள் எழுந்து போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். பிறகு அவளைக் கைகழுவச் சொன்னேன். அவள் சமையலறைத் தொட்டியில் கையை விரித்தாள். உப்பு வியர்வையில் பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரு காரணத்தை நானே எனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். லயத்துப் பெண்கள் எங்கள் கூடத்தில், என் மனைவியோடு ஒரே தரையில். மற்ற ஊழியர்களின் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள், மேலாளர் என்ன நினைப்பார். அது உண்மை. அதில் சாதி இருந்தது, உத்தியோகம் இருந்தது, இரண்டையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது முழு உண்மை அல்ல. கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவளின் அந்த முகம்தான் காரணம். என் மனைவிக்கு ஏதோ ஒன்று நடந்திருந்தது, அதில் நான் இல்லை. அதை அவள் சொல்ல, மூன்று பேர் கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும். யாரும் கேட்காவிட்டால் கொஞ்ச நாளில் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வயதில் அப்படி நினைப்பது ஒரு கணவனுக்கு உரிமை என்றும் நினைத்தேன்.

அடுத்த மாதமே என் மாமா ஒருவர் மூலமாகக் கீழே நகரத்தில், தம்பானூர் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டேன். "இங்கயே இருக்கலாமே" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். அபாயமான இடம் என்றேன். எல்லாரும் என் பக்கம்தான். பெண்ணைக் காட்டில் வைத்திருக்கிறானே என்று அதுவரை அங்கலாய்த்த அவள் வீட்டார், பொறுப்பான மாப்பிள்ளை என்றார்கள்.

கரமனையில் அவள் பிறந்த தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வீடு கிடைத்தது. அவள் நன்றாகவே நிலைகொண்டாள். வாசலில் கோலம் போட்டாள், மகனைப் பெற்று வளர்த்தாள், மாமிகளோடு கோவிலுக்குப் போனாள், விருந்தாளிகளுக்கு ஓலன் வைத்தாள். பொன்முடியைப் பற்றி யாராவது கேட்டால், "குளிர்தான்" என்பாள். அந்த ஊரில் பனி கிடையாது. ஆனாலும் மார்கழியில் பால் வருவதற்கு முன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொல்லைத் தென்னையைப் பார்த்தபடி நிற்பாள். ஒரு தடவை பின்னால் போய் நின்று, என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை, காத்து" என்றாள்.

சில சமயம் அவளாகவே ஆரம்பிப்பாள். காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். "அன்னிக்குப் பொன்முடியில..." என்பாள். அதோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் பேப்பரை இறக்காமலே, "அதான் ஆச்சே. இப்ப எதுக்கு அது?" என்பேன். கத்தி மறுபடி நறுக்கத் தொடங்கும். இப்படி எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை இருக்கும், சில வருஷம் இருக்காது. மகன் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒன்று, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒன்று. கடைசித் தடவை அவளுக்கு எழுபது வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள். நான் டிவியின் சத்தத்தைக் குறைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் நெஞ்சு வலி என்றாள், மத்தியானம் இல்லை. அதன் பிறகு மகன் என்னைக் கழக்கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டான்.

பன்றி வந்துபோன பிறகு கை நடுக்கம் நிற்கவில்லை. டாக்டர் வயது என்றார். எனக்கு அது வயது இல்லை என்று தெரிந்தது. கையெழுத்துப் போடும்போதோ மாத்திரை எடுக்கும்போதோ முழங்காலில் அந்த ஈரம் பட்ட இடம் குளிரும், உடனே கை ஆடும். சொல்ல வேண்டும், யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. இது என்ன பசி என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் என் மனைவி இந்தப் பசியோடு என் பக்கத்தில் அத்தனை வருஷம் படுத்து எழுந்தாள் என்பது உறைத்தது. என் பயத்தைச் சொல்லும் ஆசை சில நாட்களில் வேறொன்றாக மாறிவிட்டது. அவள் சொல்லக் கேட்க வேண்டும். அந்தக் காலையில், பனிக்குள், அந்தக் கல்லின் மேல் என்ன நடந்தது? இனி யாரிடம் கேட்பது?

பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டுத் தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறினேன். விதுரா தாண்டியதும் குளிர் ஜன்னல் வழியே வந்தது. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் அந்தப் பாதையில் இறங்கிப் போன பிறகு ஒரு தடவைகூட ஏறியதில்லை.

தோட்டம் பாதி காடாகியிருந்தது. தேயிலைச் செடிகள் வெட்டப்படாமல் மரங்களாக உயர்ந்திருந்தன. லயங்களில் சில வீடுகளுக்குக் கூரை இல்லை, சிலவற்றில் வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் இருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அன்று எங்கள் கூடத்தில் எழுந்து நின்று பேசியவள் இன்னும் அங்கேயே இருப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் கீழே கூப்பிட்டும் போகவில்லையாம்.

அவள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கூன் விழுந்திருந்தது. முறத்தை நிறுத்தாமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆபீஸ் சாமியில்லா? கதவடச்ச சாமி" என்றாள்.

அவர்களுக்குள் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஆமாம் என்றேன்.

"அம்மா வரலியோ?"

இறந்துவிட்டதைச் சொன்னேன். முறம் நின்றது. அவள் உள்ளே போய்ப் பாலில்லாத கட்டன்சாயா போட்டு எடுத்து வந்தாள். இரண்டு பேரும் குடித்தோம். அன்று அவளோடு வந்த மற்ற இருவரும் இப்போது இல்லை என்றாள். பிறகு எதற்காக வந்தேன் என்று கேட்டாள். காட்டுப்பன்றி என்று ஆரம்பித்தேன்.

"பன்னியா?" அவள் சிரித்தாள். பல்லில்லாத வாயால் நன்றாகவே சிரித்தாள். "ஒரு பன்னிக்கா சாமி பஸ் ஏறி மலைக்கு வந்திய? எங்க தோட்டத்துல மரவள்ளிக்கிழங்கு தோண்ட தெனமும் வருது. அதுக்கெல்லாம் உப்பு எடுத்தா கடையில உப்பு மிஞ்சாது."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் என் கை ஆடுவதை அவள் பார்த்திருக்க வேண்டும். எழுந்து போய் ஒரு பிடி கல்லுப்பு எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கினாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மழை, தூண், மதில், வாடை, மஞ்சள் பல். அவள் 'ம்' என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் வியப்போ இரக்கமோ இல்லை. அப்படிக் கேட்கப்படும்போது என் வாயிலிருந்து எனக்கே தெரியாத செய்திகள் வந்தன. பன்றி மூச்சை இழுத்தபோது நானும் அதோடு சேர்ந்து இழுத்தேன் என்று சொன்னேன். அதன் கண்ணிமையில் மயிர் இருந்ததைச் சொன்னேன். அது திரும்பிப் போனபோது, போகிறதே என்று இருந்ததைச் சொன்னேன். காவலாளி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான், கத்தியிருக்கலாம், கத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். முடித்தேன்.

ஒரு செம்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, லயத்தின் ஓரத்தில் ஒரு பாறையின் மேல் ஊற்றிவிட்டு வந்தாள். "சரியாப் போச்சு" என்றாள். அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் வந்த காரியத்தைக் கேட்டேன். அன்று நான் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். என் மனைவி யாரிடமாவது சொன்னாளா?

"மறுநா வந்தோம்லா" என்றாள் சாதாரணமாக. "மத்தியானம் நீங்க சாப்ட்டுட்டு ஆபீசுக்குப் போன பொறவு. அம்மாதான் பின்கதவத் தொறந்து விட்டாவ."

எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. அது சத்தியம். அவள் சொல்லியிருக்கிறாள், யாரோ கேட்டிருக்கிறார்கள், அது இந்த உலகத்தில் எங்கேயோ இருக்கிறது. அப்படியானால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். "அது எங்கிட்ட இல்ல சாமி. கேட்டு, கரச்சு ஊத்தியாச்சு. கேட்டத எடுத்து வெளிய சொல்லப்பிடாது."

நான் விடவில்லை. நான் அவள் புருஷன். அவள் இல்லை. கூட வந்த மற்ற இரண்டு பேரும் இல்லை என்கிறீர்கள். இனி இதை ரகசியமாக வைத்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். வயதான மனிதன் கெஞ்சுவது அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். வேறு பக்கம் பார்த்தாள்.

"ஆளாளுக்குச் சொல்லிட்டிருந்தா அது ஊர்க்கதையாப் போவும். அது அம்மாவோடது" என்றாள். பிறகு என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்: "சொல்லி முடிச்ச பொறவு அம்மாவே கேட்டாவ, இத அவருகிட்டச் சொல்லலாமான்னு. தாராளமாச் சொல்லலாம், ஒங்க வாய், ஒங்க சொத்துன்னோம். ஆனா அவராக் கேக்கணும். கேக்காத ஆளுகிட்டச் சொன்னா பயம் திரும்பி நம்ம கிட்டயே வந்துரும்."

டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். அவள் வந்ததும், அதிகம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவி எவ்வளவு நேரம் சொன்னாள் என்று மட்டும் கேட்டேன். அதைச் சொல்லலாமா என்று அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். ஆபீஸ் மணி அடிச்சதும் நாங்க எந்திரிச்சு ஓடினோம், நீங்க வந்துருவியன்னு. அம்மா அம்புட்டுப் பேசுவாவன்னு எங்களுக்கே தெரியாது. எங்க நேரம் போச்சுன்னே தெரியல்ல."

கடைசி பஸ்ஸுக்கு அவளே கூட வந்து நின்றாள். ஏறும்போது, உடம்பைப் பாத்துக்கோங்க என்றாள். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை, வரக் கூடாது என்றும் சொல்லவில்லை.

கை நடுக்கம் நின்றுவிட்டது. டாக்டர் மாத்திரை வேலை செய்கிறது என்கிறார். பன்றியை இப்போது நினைத்துப் பார்த்தால் அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருக்கிறது. குடியிருப்போர் குழுவிலும் அதை மறந்துவிட்டார்கள். மதிலைக் கட்டி முடித்துவிட்டார்கள்.

என் மனைவியின் காலையை நானாகக் கற்பனை செய்ய முயன்றிருக்கிறேன். பனி, கல், அவள், அந்தப் பெரிய தலை. என்னால் முந்தானை வரைதான் வர முடிகிறது. அதற்கு மேல் போனால் நான் பன்றியிடம் உணர்ந்ததையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அது அவளுடையதாக இல்லை, என்னுடையதாக ஆகிவிடுகிறது. நிறுத்திவிட்டேன்.

அவள் சொன்ன மத்தியானம்தான் இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது. என் வீட்டில், என் சமையலறையில், பின்கதவு திறந்திருக்க, என் மனைவி பொழுது சாயும் வரை பேசியிருக்கிறாள். என்னோடு வாழ்ந்த காலத்தில் ஒரு மத்தியானம் முழுக்க அவள் பேசி நான் கேட்டதில்லை. நான் அப்போது நூறு கஜம் தள்ளி, அலுவலகத்தில், குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததைப் பல நாள் யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். விளக்கு ஏற்றியிருந்தது. காபி கொடுத்தாள். ஏதோ கேட்டாள்; குரல் கம்மிக் கரகரவென்றிருந்தது. பனியில் நின்றதால் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து, பின்கதவைத் திறக்காதே என்று சொன்னேனே கேட்டாயா என்று கடிந்துகொண்டு, நானே அடுப்பில் பால் வைத்து மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.